நிறுவன வரியைக் குறைத்தால் முதலீடும் வேலைவாய்ப்பும் பெருகுமா?

முதலீடு ஓரளவு பெருகும். வேலைவாய்ப்பும் அதே அளவில் பெருகும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. புதிய ஆலை அமைக்கலாமா என்று முடிவெடுக்கும் நிறுவனம், வரி போக மிஞ்சும் இலாபம் மூலதனச் செலவை ஈடுகட்டுமா என்றே கணக்கிடுகிறது; ஆகவே வரி குறையும்போது, முன்பு கட்டுபடியாகாத சில திட்டங்கள் கட்டுபடியாகின்றன. எனினும் இந்தச் சலுகை, என்றோ போட்ட முதலீட்டில் இன்று வரும் இலாபத்துக்கும் சேர்த்தே கிடைப்பதால், அரசு இழக்கும் வருவாயில் கணிசமான பகுதி புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. இயந்திரம் வாங்கிய ஆண்டிலேயே அதன் முழு விலையையும் வரிக்குரிய இலாபத்திலிருந்து செலவாகக் கழித்துக்கொள்ள அனுமதிப்பது புதிய முதலீட்டை மட்டுமே ஊக்குவிக்கும் என்பதால், அதுவே மேலான வழி என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்கா 2017-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் வரியை 35 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைத்தபின் முதலீடு உயர்ந்தது உண்மையே. ஆனால் நிறுவனங்கள் தம் பங்குகளைத் தாமே திரும்ப வாங்குவதும் 2018-இல் வெகுவாகக் கூடியது. சராசரிக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,000 டாலராவது உயரும் என்ற வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர்களின் கணிப்புக்கு ஊதிய உயர்வு ஈடுகொடுக்கவில்லை. புதிய இயந்திரம் ஆட்களைச் சேர்க்கவும் செய்யும், குறைக்கவும் செய்யும். பொருளுக்குத் தேவை பெருகாத இடத்தில், வரி குறைந்தாலும் நிறுவனங்கள் கூடுதலாக ஆள் எடுக்கக் காரணம் குறைவே.