ஒரே வயித்துப் பிள்ளைகள், ஒரே வருத்தம், ஏன் வேற வேற மாதிரி?

கேள்வி: டொக்டர் ஐயா, மூத்த மகனுக்கு 11 வயசில கண் மஞ்சளாகி வயிறு வீங்கி, கடைசியில வில்சன் வருத்தம், ஈரல்ல செம்பு சேருது எண்டு சொன்னாங்க. இப்ப மகளுக்கு 19 வயசு, கை நடுங்குது, பேச்சு குழறுது, அவளுக்கும் அதே வருத்தம்தானாம், ஆனா ஈரல்ல பெரிசா ஒண்டுமில்லையாம். ஒரே வருத்தம் எண்டா ஏன் இப்பிடி? நானும் அவரும் சொந்தம்தான், அவர் என்ட மாமாட மகன், ஆனா குடி, அதான் தாய்வழி வம்சம், வேறயா எண்டு பாத்துத்தான் கலியாணம் முடிச்ச. கடைசி மகன் நல்லா ஓடித்திரியிறான்.
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, குடி தாய்வழியில போறது, அதால மாமாட மகனுக்குக் குடி வேறதான், ஆனா உங்கட அம்மம்மாவும் அவர்ட அப்பம்மாவும் ஒரே ஆள்தானே! அந்த வழியால பழுதான ஜீன் ஒண்டு ரெண்டு பேருக்கும் வந்திருக்கலாம். ஒண்டு மட்டும் இருந்தா வருத்தம் வராது, ரெண்டு பக்கத்தாலயும் வந்தாத்தான் வரும். சொந்தத்துக்குள்ள முடிக்காத குடும்பங்கள்லயும் இது வருது, அதால ஆரையும் குத்தம் சொல்ல வேணாம்.

அந்த ஜீனுக்குப் பேர் ஏடிபி7பி, 13ஆம் குரோமோசோம்ல இருக்கு, 1993ல கண்டுபிடிச்சது. ஈரல்ல மிஞ்சிற செம்ப பித்தத்தோட வெளிய தள்ளுறதுதான் அதுட வேலை. உங்கட ரெண்டு பிள்ளைகளுக்கும் பழுது ஒண்டுதான், ஆனா மத்த ஆயிரக்கணக்கான ஜீன்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்ஸ் குலைச்சுப் போட்ட மாதிரி வேற வேறயா விழுந்திருக்கு, அதுகள்ல சிலது வருத்தத்தக் கூட்டும், சிலது குறைக்கும், இல்லாட்டி எந்த வயசில எந்த உறுப்பில முதல்ல காட்டும் எண்டத மாத்தும். பிஎன்பிஎல்ஏ3 எண்ட ஜீன்ல ஒரு மாத்தம் இருந்தா வில்சன்காரர்ட ஈரல்ல கொழுப்புக் கூடுது எண்டு பாத்திருக்காங்க. அப்போஈ எண்ட இன்னொரு ஜீனப் பத்தி ஒரு ஆய்வு ஒண்டு சொல்லுது, மத்தது மாறிச் சொல்லுது. பெட்லிங்டன் டெரியர் எண்ட நாய்ச் சாதிக்கு ஈரல்ல செம்பு சேர்றதுக்குக் காரணமான கொம்டி1 ஜீனையும் மனுசர்ல தேடிப் பாத்தாங்க, உறுதியா ஒண்டும் கிடைக்கல்ல. இவ்வளவு ஏன், அச்சுப்போல இருக்கிற ரெட்டைப் பிள்ளைகளுக்கே வேற வேற மாதிரி வந்திருக்கு, அப்ப ஜீன் மட்டும் கதையில்ல. அதால இந்த மத்த ஜீன்களயெல்லாம் டெஸ்ட் பண்ணக் காசு செலவழிக்காதீங்க, அதால உங்கட பிள்ளைகள்ட மருந்து மாறப் போறதில்ல.

இப்ப எனக்குப் பயம் கடைசி மகன நினைச்சுத்தான். அவனுக்கும் இருக்க நாலில ஒரு பங்கு சாத்தியம் இருக்கு. அண்ணனுக்கு வந்த மாதிரி கண் மஞ்சளாகட்டும், அக்காக்கு மாதிரி கை நடுங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கப் போடாது, அவனுக்கு எப்பிடி வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. ரத்தத்தில செருலோபிளாஸ்மின் எண்ட செம்பு காவுற புரதம், 24 மணித்தியாலச் சிறுநீர்ல செம்பு, ஈரல் டெஸ்ட், கண்ணில செம்பு படிஞ்ச வளையம் இருக்கா எண்டு கண் டொக்டர்ட செக்கிங், இவ்வளவும் இந்தக் கிழமையே கேளுங்க. மூத்தவன்ட ஜீன் ரிப்போர்ட் இருந்தா அதையும் கொண்டு போங்க, அதே பழுத இவன்ட ரத்தத்தில தேடுறது லேசு. இருக்கு எண்டு தெரிஞ்சாலும் வருத்தம் காட்ட முதலே மருந்து தொடங்கினா மத்தப் பிள்ளைகள் மாதிரியே வளரலாம்.

மகளுக்கு மருந்து தொடங்கின புதுசில நடுக்கம் கூடினா நீங்களா நிப்பாட்டாம உடன கிளினிக்கில சொல்லுங்க. ரெண்டு பேரும் வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்கோணும், இடையில விட்டா ஈரல் திடீரெண்டு பழுதாகிப் போகலாம். சாப்பாட்டில ஈரல், நண்டு, கணவாய், கஜு இப்போதைக்கு வேணாம், செம்புக் குடத்துத் தண்ணியும் வேணாம்.