இஸட் புள்ளி வந்துவிட்டது, இனி என்ன? உயர்தர மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் பிள்ளைகள் பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புவதையும் நான் பரீட்சையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். நல்ல பெறுபேறு இருந்தும் இந்த இடத்தில் கோட்டைவிடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எனக்கு மூன்று பாடத்திலும் பி. என் நண்பிக்கு ஒரு ஏ, இரண்டு சி. ஆனால் அவளுடைய இஸட் புள்ளி என்னுடையதைவிடக் கூட. பிழை நடந்திருக்குமா? (மாணவி, வவுனியா)

பிழை நடக்கத் தேவையில்லை, தங்கச்சி. பி என்றால் 65இலிருந்து 74 வரை எதுவும் இருக்கலாம். ஏ என்றால் 75ம் இருக்கலாம், 95ம் இருக்கலாம். இஸட் புள்ளி இந்த எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரோடும் ஒப்பிடும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது.

கணக்கு கடினமில்லை. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுக்க வேண்டும். ஒரு கற்பனை உதாரணம்: பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 16 என்று வைப்போம். 64 எடுத்தவருக்கு 24ஐ 16ஆல் வகுக்க 1.5 வரும். உயிரியலில் சராசரி 52, நியம விலகல் 16 என்றால், அதே 64க்கு 0.75தான். இரசாயனவியலுக்கு 0.75 என்று வந்தால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 1.0. அதுதான் உங்கள் இஸட் புள்ளி. கடினமான வினாத்தாளில் எடுத்த 64ம் இலகுவான வினாத்தாளில் எடுத்த 64ம் ஒன்றல்ல என்பதால்தான் இப்படிக் கணிக்கிறார்கள். 2001 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் புள்ளிகளை அப்படியே கூட்டினார்கள். இலகுவான பாடத்தை எடுத்தவருக்கு அது இலாபமாக இருந்தது.

ஆனால் இஸட் புள்ளியும் யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இரண்டு தொகுதியையும் தனித்தனியாகக் கணிக்கும்படி 2012இல் தீர்ப்பு வந்தது.

ஒரு பாடத்தில் மட்டும் நம்பவே முடியாத பெறுபேறு என்றால், பரீட்சைத் திணைக்களம் குறிப்பிடும் திகதிக்குள் விடைத்தாள் மீள்மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். நண்பியின் பெறுபேறு அதற்குக் காரணமாகாது.

மகன் கொழும்பில் உயர்தரம் முதலாம் வருடம் படிக்கிறான். கிளிநொச்சிக்கு வீடு மாறினால் குறைந்த வெட்டுப்புள்ளியில் மருத்துவம் கிடைக்குமா? (தாய், கொழும்பு)

வேண்டாம் அம்மா. வெட்டுப்புள்ளி என்பது ஒரு பாடநெறிக்கு அனுமதி கிடைக்கும் ஆகக் குறைந்த இஸட் புள்ளி; அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பது உண்மைதான். பாடசாலை மாணவர் ஒருவரின் மாவட்டத்தை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடங்களில் எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். நடுவில் மாற்றினால் மகனின் படிப்புத்தான் குழம்பும்.

இந்த ஒதுக்கீட்டைப் பற்றிப் பலரும் அரைகுறையாகத்தான் அறிந்திருக்கிறார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்பு, நுவரெலியா, பதுளை எல்லாம் அதில் அடங்கும்.

1970களின் தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழி மாணவர்களிடம் கூடிய புள்ளி கேட்ட முறை) தமிழ் மாணவர்களுக்கு என்ன செய்தது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காயம் இருந்தாலும், இன்றைய மாவட்ட ஒதுக்கீடு தேவை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆய்வுகூடமும் இல்லாமல், இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியரும் இல்லாமல் படித்து வரும் பிள்ளையைத் தலைநகரப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை. அதில் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. மாவட்டத்துக்குள் எல்லோருக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. யாழ் நகரில் ரியூஷனோடு படிக்கும் பிள்ளைக்கும் நெடுந்தீவுப் பிள்ளைக்கும் அளவுகோல் ஒன்றே. நுவரெலியா நகருக்கும் தோட்டப் பாடசாலைக்கும் அதே கதைதான். இதைத் திருத்தாமல் விட்டிருப்பது எனக்குப் பெரும் கவலை.

விருப்பத் தெரிவில் நிச்சயம் கிடைக்கக்கூடிய பாடநெறியை முதலில் போட்டால் வாய்ப்புக் கூடுமா? (மாணவன், மட்டக்களப்பு)

கூடாது, தம்பி. முதலில் போட்டதற்காக ஒருவருக்கும் முன்னுரிமை கிடைப்பதில்லை. உங்கள் இஸட் புள்ளிக்கு உரிய இடம் வரும்போது, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் உள்ள முதலாவது தெரிவைத் தருவார்கள். ஆகவே உண்மையாக எது அதிகம் வேண்டுமோ அதை மேலே போடுங்கள். ஐந்தாவதாக வேண்டியதை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். மேலே இருந்திருக்க வேண்டிய நாலும் போய்விடும்.

பட்டியலை நாலைந்து தெரிவோடு நிறுத்திவிடவும் வேண்டாம். ஒரே பாடநெறி வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு குறியீட்டில் இருக்கும், வெட்டுப்புள்ளியும் மாறும். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் மருத்துவத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறார்கள். தாதியியல், இயன் மருத்துவம், விவசாயம், சித்த மருத்துவம் எல்லாம் அதே பெறுபேற்றுக்குத் திறந்திருக்கும் கதவுகள். பழைய கைநூலை இரவல் வாங்கி நிரப்பாதீர்கள். வவுனியா 2021இல் யாழ். பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகமானது போல மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தந்த வருடத்துக்கு வெளியிடும் கைநூலையே பாருங்கள்.

பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தேன். நல்ல இஸட் புள்ளி. மருத்துவத்துக்குப் போடலாமா? (மாணவி, திருகோணமலை)

முடியாது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கட்டாயம். விவசாய பீடம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. சாதாரண தரம் முடித்துப் பாடம் தெரிவு செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். சில பாடநெறிகள் சாதாரண தர ஆங்கிலத்திலோ கணிதத்திலோ சி சித்தி கேட்பதும் பலருக்குப் பிந்தித்தான் தெரியவருகிறது.

மூன்று பாடமும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 27. பிரச்சினையா? (மாணவன், ஹட்டன்)

ஆம். எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான இந்தப் பரீட்சையில் ஆகக் குறைந்தது 30 வேண்டும். அந்தப் புள்ளி இஸட் புள்ளியில் சேராது என்பதால் அலட்சியம் செய்கிறார்கள். சேராவிட்டாலும் அது இல்லாமல் தகுதி இல்லை. பொது ஆங்கிலம் வேறு. அதுவும் இஸட் புள்ளியில் சேர்வதில்லை.

இரண்டாம் முறை எழுதப்போகிறேன். இந்த முறை விண்ணப்பிக்காமல் விடலாமா? (மாணவி, யாழ்ப்பாணம்)

விடாதீர்கள். இந்த வருடப் பெறுபேற்றை வைத்து இந்த வருட அனுமதிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். அடுத்த முறை குறைந்துவிட்டால் பழைய புள்ளியை எடுத்துப் பாவிக்க முடியாது. ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதி மற்றதை ஒட்டவும் முடியாது. மூன்று பாடமும் ஒரே தடவையில் வேண்டும். மொத்தமாக மூன்று தடவை தோற்றலாம்.

விண்ணப்பிப்பது வேறு, கிடைத்த இடத்தில் பதிவு செய்வது வேறு. பதிவு செய்தபின் இன்னொரு பெறுபேற்றில் தெரிவாகும் வழி மிகவும் ஒடுங்கிவிடும். கைநூலில் அந்தப் பகுதியை வீட்டாரோடு இருந்து வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

கர்நாடக சங்கீதத்தில் ஏ. தானாகவே இசைப் பட்டப்படிப்புக்கு எடுப்பார்களா? (மாணவி, கல்முனை)

எடுக்க மாட்டார்கள். மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ். பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இசை, நடனத்துக்குச் செய்முறைப் பரீட்சையில் தேற வேண்டும். மொறட்டுவைக் கட்டடக்கலைக்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. இவற்றுக்குப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு எஸ் (சாதாரண சித்தி), ஒரு சி. கம்பஸ் கிடைக்காது என்று தெரியும். மகளுக்கு இனி என்ன வழி? (தந்தை, மன்னார்)

ஐயா, தகுதி பெறுபவர்களில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. மகள் தோற்றுப்போகவில்லை என்பதை முதலில் அவவுக்குச் சொல்லுங்கள்.

1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வெட்டுப்புள்ளி பார்ப்பதில்லை. அது தரும் பட்டமும் மற்ற அரச பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு நிகரானது. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகங்களில் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழினுட்பம் போன்ற உயர் தேசிய டிப்ளோமாக்கள் உண்டு. கற்பித்தலில் விருப்பமென்றால் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்புக் கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்திருங்கள். தனியார் நிறுவனத்துக்குக் காசு கட்டுமுன், அந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். நிறுவனத்தின் விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எதைத் தெரிவு செய்தாலும் இந்த மாதத்துக்குள் மகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம் ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதைத் திருத்த அலைய வேண்டிவரும். விண்ணப்ப முடிவுத் திகதி அதற்காகக் காத்திருக்காது.