வாசகர் கேள்வி பதில்: ஊர் பேசுவது ஒன்று, வீட்டில் ஓடுவது ஒன்று

கேள்வி: எனக்கு 52 வயது. எங்கள் வீட்டுக்கோ எங்கள் தெருவுக்கோ டிஆர்பி எடுக்க இதுவரை யாரும் வந்ததில்லை. பின்னே யாரைக் கேட்டு இந்த சீரியல் முதலிடம், அந்த ஷோ இரண்டாமிடம் என்று சொல்கிறார்கள்?
(வாசகி, திண்டுக்கல்)

யாரிடமும் வாய் திறந்து கேட்பதில்லை அம்மா. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்குதான் டிஆர்பி. 2015-லிருந்து பார்க் (BARC) என்ற அமைப்பு இதைச் செய்கிறது. சேனல்கள், விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள், விளம்பர ஏஜென்சிகள் மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது அது. நாடு முழுக்க 50,000-க்கும் அதிகமான வீடுகளில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனலின் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்து வரும், எந்த சேனல் ஓடுகிறது என்று மீட்டர் அதை வைத்துக் கண்டுபிடிக்கும். யார் பார்க்கிறார்கள் என்பதற்குத் தனி ரிமோட். பாட்டி உட்கார்ந்தால் பாட்டியின் பட்டன், பேரன் வந்தால் பேரனின் பட்டன். சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை ஒரு வாரக் கணக்கு, வியாழக்கிழமை வெளியாகும்.

எந்தெந்த வீடுகள் என்பது ரகசியம். அந்த ரகசியம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2020-ல் மும்பையில் பார்த்தோம். குறிப்பிட்ட சேனல்களையே ஓடவிடச் சொல்லி மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாகப் போலீஸ் வழக்குப் போட்டது, செய்தி சேனல்களின் ரேட்டிங்கை அந்த அக்டோபரில் நிறுத்தினார்கள், திரும்ப வந்தது 2022 மார்ச்சில்தான். இத்தனை வீடுகளை வைத்து மொத்த நாட்டையும் கணக்கிடலாமா என்றால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். பெரிய சேனலுக்கு அது பொருந்தும். சின்ன சேனலுக்கு அந்த ஊரில் நாலு மீட்டர் வீடுகள் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனாலே எண் ஆடிவிடும்.

கேள்வி: எங்கள் காலேஜில் பிக் பாஸ் ஓடும் நூறு நாளும் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் டிஆர்பி பட்டியலில் வாராவாரம் மேலே இருப்பது சன் டிவி சீரியல்கள். என் நண்பர்களில் ஒருவர்கூட சீரியல் பார்ப்பதில்லை. பட்டியல் பொய்யா?
(மாணவர், கோயம்புத்தூர்)

பொய் இல்லை. நீங்கள் சொல்வதும் உண்மை, பட்டியலும் உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிஆர்பி எண்ணுவது தலைகளை மட்டும் இல்லை, நிமிடங்களையும். நூறு பேரில் பத்துப் பேர் அரை மணி நேர சீரியலை முழுக்கப் பார்த்தால் ரேட்டிங் பத்து. இருபது பேர் ஒரு மணி நேர ஷோவுக்கு வந்து, பாதியில் எழுந்து போனாலும் அதே பத்துதான். இங்கேதான் ரியாலிட்டி ஷோ அடிவாங்குகிறது. சண்டை வரும்போது பார்ப்போம், பாத்திரம் கழுவும் காட்சி வந்தால் சேனல் மாற்றுவோம், மறுபடி வருவோம். வாரக் கடைசியில் தொகுப்பாளர் வரும் நாட்களில் எபிசோட் இன்னும் நீளம். சீரியல் பார்க்கிறவர் அப்படி இல்லை. ஏழரைக்கு உட்கார்ந்தால் எட்டுக்குத்தான் எழுந்திருப்பார், அந்த இடைவெளியில் வரும் விளம்பரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்.

இரண்டாவது, உங்கள் நண்பர்கள் எதில் பார்க்கிறார்கள்? போனில்தானே. அது டிவி ரேட்டிங்கில் சேராது. 2022-ல் பிக் பாஸ் அல்டிமேட் என்று 24 மணி நேரமும் ஆன்லைனில் மட்டுமே ஒரு சீசன் ஓட்டினார்கள். அந்தக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதாக, பேச்சு. ரியாலிட்டி ஷோவில் நாளைக்கு யார் வெளியே போவார் என்பதில் நமக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது, அதனால் வாதாட வேண்டியிருக்கிறது. 2017-ல் பிக் பாஸ் முதல் சீசனில் போட்டியாளர் ஓவியாவுக்காக ஊரே இரண்டு பட்டதை நினைத்துப் பாருங்கள். பட்டத்தை வென்றது ஆரவ், ஆனால் இன்றைக்கும் அந்த சீசன் என்றால் எல்லோரும் சொல்வது ஓவியா பெயரைத்தான். இது ஸ்பான்சருக்குப் பெரிய விஷயம், விளம்பர இடைவேளைக்குக் காத்திருக்காமல் ஷோவுக்குள்ளேயே தன் பொருளை வைத்துக்கொள்ளலாம். சேனலுக்கோ இரண்டும் தேவை. வாரத்தில் ஆறேழு நாளும், வருடம் முழுக்க வீட்டை நிரப்ப சீரியல். நூறு நாளைக்கு ஊரை நிரப்ப பிக் பாஸ்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். சீரியல் என்றாலே மாமியார் கொடுமை, விஷம் வைப்பது, கடத்தல். ரியாலிட்டி ஷோவில் குறைந்தபட்சம் நிஜ மனிதர்கள், நிஜ அழுகை. அதுவே மேல் அல்லவா?
(வாசகர், திருநெல்வேலி)

ஐயா, இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. அழுகை நிஜமாக இருக்கலாம். ஆனால் 24 மணி நேரத்தில் எந்த அழுகையை எடுப்பது, அதற்கு முன்னால் யாருடைய முகத்தை வைப்பது, பின்னால் என்ன இசை போடுவது என்பதை எடிட்டிங் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அதுவும் கதை எழுதுவதுதான், பேனா மட்டும் இல்லை. எழுதப்பட்ட ஆளுக்கு அது கதை என்று தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது. சீரியல் வில்லி ஷூட்டிங் முடிந்து மேக்கப் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ரியாலிட்டி ஷோவில் வில்லியாகக் காட்டப்பட்ட பெண் அந்தப் பெயரோடேயே வெளியே வந்து வாழ வேண்டும்.

நீங்கள் சொல்லும் விஷமும் கடத்தலும் உண்டு, மறுக்கவில்லை. தினம் ஒரு எபிசோட் என்ற ஓட்டத்தில், ரேட்டிங் ஒரு வாரம் இறங்கினாலே கதையைத் திருப்பு என்று சேனல் கழுத்தில் உட்கார்ந்தால், எழுதுகிறவர் கையில் முதலில் கிடைப்பது விஷப் பாட்டில்தான். ஆனால் 'எதிர்நீச்சல்' பார்த்தீர்களா? 2022-ல் தொடங்கியது, இயக்கியவர் 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம். படித்த பெண்களை மருமகள்களாக்கி வீட்டுக்குள் அடைத்து வைக்கும் குடும்பத்தின் கதை. அந்தக் குடும்பத்தை மிரட்டியே ஆளும், மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனை, சீரியல் பக்கமே வராத இளைஞர்கள் மீம் போட்டுக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த மிரட்டல் பேச்சை நம் வீட்டிலேயே கேட்டிருக்கிறோம் என்பதால்தான் அது ஒட்டியது. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது பலருக்குச் சொந்தத்தில் ஒருவர் போனது போல இருந்தது, எனக்கும்தான். நல்ல எழுத்து கிடைத்தால் நம் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: பிக் பாஸ் தொடங்கினால் நான் பார்க்கும் சீரியலின் நேரத்தை மாற்றிவிடுகிறார்களே?
(வாசகி, சேலம்)

இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை விலை அதிகமான நேரம். பெரிய ஷோ அந்த இடத்தைக் கேட்கும், சீரியல் தள்ளிப் போகும். கோபப்படுங்கள், சேனலுக்கு எழுதவும் செய்யுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து டிவி முன்னால்தான் இருக்கிறார். பிள்ளைகளுக்குப் படிப்பு கெடுகிறது. நிறுத்தச் சொல்லலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

அவர் பார்க்கவில்லை அம்மா, கேட்கிறார். நம் சீரியல்கள் முக்கால்வாசி ரேடியோ நாடகம் மாதிரிதான். அடுப்படியில் நிற்கிறவருக்கும் கதை புரிய வேண்டும் என்பதால் ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று தடவை பேசுவார்கள். உங்களுக்கு எரிச்சலூட்டும் அந்த இழுவைதான் கண் தெரியாதவருக்குக் கைத்தடி. ரியாலிட்டி ஷோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், அவரால் பின்தொடரவே முடியாது.

நிறுத்தச் சொல்லாதீர்கள். எவை அவருக்கு ரொம்ப முக்கியம் என்று கேட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் உள் அறையில் படிக்கட்டும். மீதியை மறுநாள் மதியம் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின் போனில் போட்டுக் கொடுக்கலாம். அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது, இன்றைக்கு நாடகத்தில் என்ன ஆச்சு அத்தை என்று கேளுங்கள்.