ஸ்மூத்தனிங் பண்ணின முடி, வேர்ல மறுபடி சுருட்டை வருது: உங்க கேள்வியும் என் பதிலும்

ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்க, இன்னிக்கு உக்காந்துட்டேன். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல பார்லர் வச்சிருக்கேன், ஸ்ட்ரெய்ட்டனிங், ஸ்மூத்தனிங் எல்லாம் நானே கைப்பட பண்றவ. வந்த கேள்வில முக்காவாசி ஒண்ணுதான், பண்ணி ஆறு மாசம் எட்டு மாசம் ஆச்சு, வேர்ல பழைய முடி வருது, திரும்பப் போய் பண்ணணுமா, தள்ளிப்போடலாமான்னு. தள்ளிப்போடுங்க, எவ்ளோ முடியுமோ அவ்ளோ. எப்படின்னு ஒவ்வொருத்தருக்கா சொல்றேன்.

லாஸ்பேட்டைல இருந்து: அக்கா, ஸ்மூத்தனிங் பண்ணி ஆறு மாசம் ஆகுது. மேல மட்டும் நெளி நெளியா வருது, கீழ நேரா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ முழுசா பண்ணிடணும்னு பார்லர்ல சொல்றாங்க. பண்ணணுமா?

வேணாம்மா. முடி மாசத்துக்கு சுமார் அரை இன்ச் வளரும், அப்ப ஆறு மாசத்துல மூணு இன்ச் புது முடி வந்திருக்கும், அதுதான் நீ பாக்குற நெளி. கீழ இருக்குறது மாறல, மாறவும் மாறாது. முடிக்குள்ள புரதத்த கட்டி வச்சிருக்கிற கந்தகப் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு, ஸ்மூத்தனிங் க்ரீம்ல இருக்கிற தயோகிளைகோலேட் அத உடைக்கும், அப்புறம் அயர்ன் போட்டு நேராக்கி, நியூட்ரலைசர் போட்டு அந்த நேரான வாக்குலயே திரும்ப இறுக்கிடுவோம். அந்த முடி வெட்டி விழுற வரைக்கும் நேராதான் இருக்கும். அதுமேலயே மறுபடி க்ரீம் போட்டா நேராகுறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இல்ல, உடையத்தான் செய்யும். அதனால எப்ப பண்ணினாலும் புதுசா வந்த பாகத்துக்கு மட்டும் டச்சப், "முழுசா"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடு. நம்ம ஊர் நெளி முடிக்கு ஒரு வருஷம் தாராளமா தள்ளலாம்.

இந்தக் காலத்துல கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணுதான், புது முடியும் பழைய முடியும் சேருற அந்த கோடு. மேல கெட்டியா நெளியா, கீழ கெமிக்கல் பட்டு மெலிஞ்சு நேரா, ரெண்டும் சேருற எடத்துலதான் முடி உடையும். சீப்பு, ரப்பர் பேண்டு, அயர்ன், எது பண்ணினாலும் அந்த கோட்ட நெனச்சுக்கிட்டு பண்ணு. கீழ நான் சொல்ற எல்லாமே அதுக்காகத்தான்.

பண்ருட்டில இருந்து: எனக்கு முடி கொத்து கொத்தா கொட்டுது மேடம், ஸ்மூத்தனிங் பண்ணதாலயா?

மொதல்ல கொட்டுதா உடையுதான்னு பாருங்க, ரெண்டும் வேற வேற. சீப்புல வந்த முடி ஒண்ண எடுத்து வெள்ளைத் துணி மேல வைங்க, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல பாருங்க. முழு நீளம் இருந்து ஒரு நுனில குண்டூசித் தலை மாதிரி வெள்ளையா சின்ன புள்ளி இருந்தா அது வேரோட வந்தது. தினமும் அம்பது நூறு அப்படி விழுறது சகஜம், அதுக்கு மேல போனா ரத்தத்துல இரும்புச் சத்து கொறைவு, தைராய்டு, பெரிய காய்ச்சல், மனக் கவலைனு காரணம் உள்ள இருக்கும், பார்லர்ல தீராது, டாக்டர்கிட்ட போங்க, பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிலயே தோல் பிரிவு இருக்கு. புள்ளி இல்லாம துண்டு துண்டா, ஒண்ணு நாலு இன்ச்சு ஒண்ணு ஆறு இன்ச்சுன்னு வந்தா அது உடையுறது. அது நம்ம கையில இருக்கு. தலைக்கு மேல குட்டி குட்டியா முடி நட்டுக்கிட்டு நிக்குதே, அத நெறைய பேரு புதுசா வளருதுன்னு சந்தோஷப்படுறாங்க, நுனிய தடவிப் பாருங்க, மழுங்கலா வெட்டின மாதிரி இருந்தா பாதில உடைஞ்சது, ஊசி மாதிரி கூரா இருந்தா புதுசு.

அரியாங்குப்பத்துல இருந்து: குளிச்சா சிக்கு எடுக்கவே ஒரு மணி நேரம் ஆவுது அக்கா, அழுகையே வருது.

உனக்குத்தான் நான் நெறைய சொல்லணும். சிக்கு விழுறது அந்த கோட்டுலதான், மேல சுருளு கீழ வழுவழு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாட்டிக்கும். தலைக்குக் குளிக்கறதுக்கு முன்னாடியே, காஞ்ச முடியிலயே, விரலாலயே பெரிய முடிச்சு எல்லாம் பிரிச்சுடு. அப்புறம் தேங்காய் எண்ணெய் கொஞ்சம், உச்சந்தலைல இல்ல, நடுவுலருந்து நுனி வரைக்கும் தடவி ஒரு மணி நேரம் விடு, ராத்திரியே வச்சாலும் சரி. தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ள போகும், அதனால கழுவும்போது புரதம் வெளிய போறது கொறையும், இது ஆராய்ச்சிலயே பாத்தது, மினரல் ஆயில் மேலேயே நிக்கும். நாலு பாகமா பிரிச்சு தளர்வா பின்னி, பின்னலோடயே ஷாம்பு போடு. ஷாம்பு தலைக்கு மட்டும், நுரை வழிஞ்சு கீழ போறதே நுனிக்குப் போதும், துணி கசக்குற மாதிரி தலைக்கு மேல குவிச்சு வச்சு தேய்க்காத. தண்ணி மேலருந்து கீழ ஒரே வாட்டமா ஓடட்டும், குனிஞ்சு முன்னாடி போட்டுக் குளிக்கறத விட்டுடு. அதுக்கப்புறம் கண்டிஷனர், கஞ்சத்தனம் பாக்காம. கண்டிஷனர் முடியில இருக்கும்போதே பெரிய பல் சீப்பு வச்சு நுனிலருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல வா, கோட்டுக்கிட்ட வரும்போது அதுக்கு மேல முடிய ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கோ, இழுப்பு வேருக்குப் போகாது. பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடு, டவல சுருட்டி தலைல கட்டி முறுக்காத. காஞ்சப்புறம் ஈருளி, பேன் சீப்பு பக்கமே போகாத.

கடலூர் முதுநகர்ல இருந்து: எங்க வீட்ல போர் தண்ணிதான், உப்பு. எவ்ளோ நல்ல ஷாம்பு போட்டாலும் நார் மாதிரி ஆயிடுது.

கடலோரம் பூரா இதே கதைதான் மா, இங்கயும் சரி பாண்டிலயும் சரி. தண்ணில இருக்கிற கால்சியம், மெக்னீசியம் முடி மேல படிஞ்சுக்கும், கெமிக்கல் பண்ணின முடில இன்னும் ஜாஸ்தி ஒட்டும், பக்கெட்டு ஓரத்துல வெள்ளையா படியுதே அதே தான். எல்லா தண்ணியும் மாத்த முடியாது, கடைசி அலசல் மட்டும் மாத்துங்க, நல்ல தண்ணி ரெண்டு சொம்பு எடுத்து வச்சுக்கிட்டு அதுல முடிங்க. ஐப்பசி கார்த்திகைல மழைத் தண்ணி மொட்டை மாடில சுத்தமான அண்டால பிடிச்சு வச்சா அத விட மென்மையான தண்ணி கெடையாது. கொதிக்க வச்சு ஆறினா கொஞ்சம் உப்பு அடியில தங்கும், அதுவும் ஓரளவு ஒதவும். மாசத்துக்கு ஒரு தடவ, அந்த கால்சியத்த பிடிச்சு இழுக்குற இடிடிஏ இருக்கிற கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டு படிஞ்சத எடுங்க, அன்னிக்கு கட்டாயம் கண்டிஷனர் நல்லா போடணும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்தி அலசினா வழவழப்பு வரும், தலைல புண்ணு இருந்தா வேணாம்.

பாண்டி டவுன்ல இருந்து: எங்க அக்கா பொண்ணு பிரான்ஸ்ல இருக்கா, அவ அப்பா ரீயூனியன் தீவுக்காரர், அவளுக்கு ரொம்ப சுருட்டை. அங்க சுருட்டைய நேராக்குற ரிலாக்ஸர் க்ரீம் போடுவா, எட்டு பத்து வாரத்துக்கு ஒரு தடவ. இப்ப லீவுக்கு வந்திருக்கா, வேர் வந்துடுச்சு, இங்க ஸ்மூத்தனிங் பண்ணி விட்டுடலாமான்னு கேக்குறா.

தயவு செஞ்சு பண்ண விடாதீங்க. இந்த கேள்வி கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும். ரிலாக்ஸர் வேற, நம்ம ஊர்ல பண்ற ஸ்மூத்தனிங் வேற. ரிலாக்ஸர்ல இருக்கிறது சோடியம் ஹைட்ராக்சைடு, இல்லன்னா கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து போடுற வகை, காரம் ரொம்ப ஜாஸ்தி, பிஹெச் 12, 13க்கு மேல போகும். நம்மது தயோகிளைகோலேட். ஒண்ணு பட்ட முடி மேல இன்னொண்ணு பட்டா, டச்சப் பண்ணும்போதே கைல முடி கழண்டு வந்துடும், பஞ்சு மாதிரி. பார்லர்ல "ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்வாங்க, நம்பாதீங்க. அவ ஊருக்குத் திரும்பிப் போய் அதே டப்பால டச்சப் பண்ணட்டும், அதுவும் புதுசுக்கு மட்டும். அது வரைக்கும் ரெட்டைச் சடையோ தளர்வா கொண்டையோ போட்டு விடுங்க, அந்த முடிக்கு நம்மள விட ஈரம் ஜாஸ்தி வேணும், குளிச்சப்புறம் அலசாம அப்படியே விடுற லீவ்-இன் கண்டிஷனர் போட்டு மேல எண்ணெய் ஒரு சொட்டு. பன்னெண்டு வாரம், பதினாலு வாரம் தள்ளுறது அவளுக்கும் நல்லதுதான், அவ முடி அந்த கோட்டுல உடையாம இருந்தா. இனிமே எங்க போனாலும் டப்பா பேர போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கச் சொல்லுங்க.

வில்லியனூர்ல இருந்து: சீயக்காய் போடலாமா? மருதாணி போடலாமா? முட்டை, செம்பருத்தி?

அரைச்ச சீயக்காய், அரப்பு எல்லாம் நல்ல பொருள்தான், ஆனா பொடி முடில சிக்கிக்கிட்டு அலச அலச வராது, அத எடுக்க தேய்ப்பீங்க, கோட்டுல உடையும். வேணும்னா கொதிக்க வச்சு வடிகட்டி தண்ணிய மட்டும் ஊத்துங்க. மருதாணி, இந்த காலத்துல வேணாம். சுத்தமான இலையே முடிய மொடமொடன்னு ஆக்கும், பாக்கெட்ல வர கருப்பு ஹென்னால உலோக உப்பு இருந்தா அடுத்த தடவ பார்லர்ல நியூட்ரலைசர் பட்டதும் சூடாகி முடி கருகும். போட்டிருந்தா பார்லர்ல மறைக்காம சொல்லிடுங்க. செம்பருத்தி இலைச் சாறு வழவழன்னு இருக்கும், நல்லா அலசினா தப்பில்ல. முட்டை எல்லாம் வாசனதான் மிச்சம், அத சாப்பிடுங்க.

ரெட்டிச்சாவடில இருந்து: தினமும் ஸ்கூட்டில ஈசிஆர் ரோட்ல பாண்டி போறேன். ஹெல்மெட் போட்டா முடி வேர்லயே நசுங்கிப் போகுது, போடாம போனா சிக்கு.

ஹெல்மெட் கட்டாயம் போடுமா, முடி வளரும். உள்ள ஒரு சாட்டின் துணி கட்டிக்கோ, சண்டே மார்க்கெட்ல மீட்டர் துணி வாங்கி நாலா வெட்டினாலே போதும், ராத்திரி தலையணைக்கும் அதையே போடு. முடிய தளர்வா ஒத்தச் சடை பின்னி நுனிய உள்ள மடிச்சு விடு. ஈரத்தோட மட்டும் ஹெல்மெட் போடாத. நெத்தி ஓரம் ரெண்டு பக்கமும் முடி பின்னாடி போய்க்கிட்டு இருக்குற மாதிரி தெரிஞ்சா, இறுக்கிக் கட்டுறது காரணம், உடனே நிறுத்து, ரொம்ப நாள் விட்டா அங்க திரும்ப முளைக்காது. பூ வைக்கும்போதும் அதே எடத்துல தினமும் குத்தாத, எடம் மாத்து.

வைத்திக்குப்பத்துல இருந்து: மாசி மகத்துக்கு கடல்ல முழுக்கு போடணும், முடிக்கு என்ன பண்றது?

நல்லா போடுங்க. போறதுக்கு முன்னாடி வீட்லயே நல்ல தண்ணில முடிய நனைச்சு கொஞ்சம் எண்ணெய் தடவி பின்னிக்கிட்டுப் போங்க, ஏற்கனவே தண்ணி குடிச்ச முடி உப்புத் தண்ணி கம்மியா உறிஞ்சும். வந்ததும் வெயில்ல காய விடாம அலசிடுங்க. சில்வர் பீச்ல ஆடுற பசங்களுக்கும் இதேதான்.

நெய்வேலில இருந்து: மழைக் காலத்துல மேல பூரா பறக்குது, தினமும் அயர்ன் பண்றேன்.

தினமும் வேணாம் தாயே. பாண்டி கடலூர் காத்துல ஈரம் எப்பவும் ஜாஸ்தி, வடகிழக்கு மழைல இன்னும் ஜாஸ்தி, காலைல அயர்ன் பண்ணது மத்தியானம் திரும்ப எழுந்துடும், திரும்பப் பண்ணுவீங்க. விசேஷத்துக்கு மட்டும் பண்ணுங்க, முடி முழுக்க காஞ்சப்புறம், சூட்ட தாங்குறதுக்கான ஹீட் ப்ரொடெக்டன்ட் போட்டு, 180 டிகிரிக்கு மேல வேணாம், வேர்ப் பக்கம் மட்டும், கீழ ஏற்கனவே நேராதானே இருக்கு. ஈர முடில அயர்ன் வச்சா சொய்ங்னு சத்தம் வரும், உள்ள தண்ணி ஆவியாகி முடி பொத்துக்கிட்டு வெடிக்கிற சத்தம் அது. மத்த நாளெல்லாம் வேர்ல கத்தாழை ஜெல் கொஞ்சம் தடவி நடு வகிடு எடுத்து பின்னிடுங்க, நெளி தெரியாது.

முதலியார்பேட்டைல இருந்து: இதெல்லாம் பண்ணா கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வருது. உண்மையா?

பயமுறுத்தாம சொல்றேன். அமெரிக்காவுல சிஸ்டர் ஸ்டடின்னு ஒரு பெரிய ஆய்வு, 33,000க்கு மேல பெண்கள், 2022ல வந்துச்சு. ஸ்ட்ரெய்ட்டனிங் பொருள் வருஷத்துல நாலு தடவைக்கு மேல போட்டவங்களுக்கு எழுபது வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர வாய்ப்பு சுமார் 4 சதவீதம், போடாதவங்களுக்கு 1.64 சதவீதம்னு கணக்கு. இதனாலதான் வந்துச்சுன்னு அது நிரூபிக்கல, ஆனா அடிக்கடி போட்டவங்கள்ட்டதான் அதிகம்னு காட்டுது, எனக்கு அது போதும், அதனாலதான் தள்ளுங்க தள்ளுங்கன்னு சொல்றேன். கெரட்டின் ட்ரீட்மென்ட்ல புகை வந்து கண்ணு எரிஞ்சா ஃபார்மால்டிஹைடா இருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள். நீங்க வருஷத்துக்கு ரெண்டு தடவ உக்காருறீங்க, பண்ற பொண்ணு தினமும் அந்தப் புகைலதான் நிக்குது. ஏசி ரூம்ல கதவ சாத்திக்கிட்டு பண்ற எடத்துக்குப் போகாதீங்க.

திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து: கொழந்த பொறந்து மூணு மாசம். முடி கொட்டுது, மேல கண்டபடி இருக்கு. தம்பி கல்யாணம் திருவந்திபுரத்துல, அதுக்குள்ள டச்சப் பண்ணிக்கலாமா?

வேணாம் கண்ணு. பிரசவம் ஆகி ரெண்டு மூணு மாசத்துல கொட்டுறது இயற்கை, ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பாலும் திரும்பிடும். இப்ப கெமிக்கல் போட்டா கொட்டுறதோட உடையுறதும் சேரும், பால் குடுக்குற நேரத்துல புகையும் எதுக்கு. கல்யாணத்தன்னிக்கு காலைல ப்ளோ டிரை மட்டும் பண்ணி, நல்ல கொண்டை போட்டு மல்லி சுத்தினா யாருக்கும் வேர் தெரியாது. சாப்பாட்டுல முருங்கக்கீரை, முட்டை, பருப்பு நல்லா எடுத்துக்கோ.

பாகூர்ல இருந்து ஒரு தம்பி: நானும் பண்ணிருக்கேன் அக்கா, பசங்களுக்கும் இதேதானா?

இதேதான் தம்பி. உனக்கு முடி குட்டை, மூணு மாசம் தள்ளி வெட்டிக்கிட்டே வந்தா அதுவே போயிடும்.

சிதம்பரத்துல இருந்து: இனிமே பண்ணவே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன் அக்கா. என் சொந்த சுருட்டைக்கே போகணும். மொத்தமா வெட்டாம போக முடியுமா?

முடியும், பொறுமை வேணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ நுனில ஒரு இன்ச், புதுசா வளருற அளவுக்கு வெட்டிக்கிட்டே வா, நீளம் அப்படியே நிக்கும், நேரா இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா கீழ போயிடும். நீள முடின்னா ரெண்டு மூணு வருஷம் ஆகும். நடுவுல எப்பவாவது ரெண்டு விதமா இருக்குறது பாக்க பொறுக்கலன்னா ராத்திரி ஈரமா இருக்கும்போது முழுசும் நாலஞ்சு பின்னலா பின்னிட்டுப் படு, காலைல பிரிச்சா மேலயும் கீழயும் ஒரே நெளியா இருக்கும். வெட்டும்போது காஞ்ச முடியில வெட்டச் சொல்லு, சுருட்டை காஞ்சா ரொம்ப ஏறும், ஈரத்துல வெட்டினா நெனச்சத விட குட்டையாயிடும்.