கொரோனா ஊரடங்கில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ட்ரெயில் ரன்னிங் (மலைப்பாதை ஓட்டம்) பயிற்சியை எப்படித் தொடர்ந்தீர்கள்?

மலைப்பாதையே கண்ணில் படாத மாதங்களில் என்ன பயிற்சி செய்தீர்கள், வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள், ட்ரெட்மில் வாங்கியிருக்கலாமா என்று மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பதில் சுலபம். நடுவில் இருப்பதுதான் நீளும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு ஒரு சட்டம். பிரான்ஸில் வீட்டைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் ஒரு மணி நேரம் ஓடலாம். பிரிட்டனில் நாளுக்கு ஒரு தடவை வெளியே போய் உடற்பயிற்சி செய்யலாம். ஸ்பெயினில் மே 2 வரை பெரியவர்கள் ஓடுவதற்காக வெளியே வரவே கூடாது; பிள்ளைகள் ஏப்ரல் 26 வரை தெருவையே பார்க்கவில்லை. எங்களுக்கும் முதல் சில வாரங்கள் ஸ்பெயின் மாதிரிதான் போனது. நான் பெயர் கொடுத்திருந்த போட்டி ரத்து. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யுடிஎம்பி போன்ற ஜாம்பவான் போட்டிகளே அந்த வருடம் நடக்கவில்லை, என்னுடையது எந்த மூலைக்கு!

அந்த மார்ச்சில் பிரான்ஸின் துலூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் எலிஷா நோக்கோமோவிட்ஸ் என்பவர் தன் 7 மீட்டர் பால்கனியிலேயே முழு மாரத்தானையும் ஓடி முடித்தார் என்று ஒரு செய்தி சுற்றியது. "பார்த்தியா, மனசிருந்தா மார்க்கமுண்டு" என்று கணவர் எனக்கு அனுப்பிவைத்தார். எனக்குப் படித்ததுமே தலைசுற்றியது. தவிர, மலையில் ஓடுகிறவர்களுக்கு வெறும் தூரம் பெரிதாக உதவாது. ஏற்றமும் இறக்கமும் வேண்டும். அது எங்கள் கட்டிடத்திலேயே இருந்தது: மாடிப்படி.

ஒரு மாடிக்குச் சுமாராக 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பத்து மாடி. ஆகவே அடியிலிருந்து உச்சிக்கு ஒரு தடவை ஏறினால் 30 மீட்டர், இருபது தடவை ஏறினால் 600 மீட்டர். அது ஒரு நல்ல குன்றுக்குச் சமம். மேலே போனதும் லிஃப்டில் இறங்கிவிடலாமே என்று பலர் கேட்டார்கள். கூடாது. இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்குகிறது. மலையிலிருந்து இறங்கிய மறுநாள் நாற்காலியில் உட்காரும்போது 'அம்மாடி' என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பது அந்த வேலைதான். அதற்கு உடம்பு சீக்கிரமே பழகும், சில மாதம் விட்டால் மறந்தும் போகும். அதனால் இறங்கவும் செய்தேன், ஆனால் ஓடாமல், கைப்பிடியைத் தொட்டபடி நடந்து. அப்புறம் கணுக்காலுக்கு: பல் தேய்க்கும்போது வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நிற்பது. கொஞ்ச நாளில் தலையணை மேல் நின்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் கால் புரளாமல் இருக்க இந்தச் சமநிலைப் பயிற்சி நிஜமாகவே உதவும். பயிற்சி என்று பார்த்தால் இவ்வளவுதான்.

இனி வீட்டுக் கதை. ஊரடங்குக்கு முன்னால் என் ஓட்டத்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். விடிவதற்குள் கிளம்பி, இவர்கள் எழுந்து சோம்பல் முறிக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். பிள்ளைகள் பகலில் பள்ளியில், நாங்கள் இருவரும் வேலையில். மார்ச்சுக்குப் பிறகு நான்கு பேரும் நாள் முழுக்க ஒரே வீட்டில். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, கணவருக்கு ஓயாத மீட்டிங், எனக்கு இரவு வரை இழுக்கும் வேலை, சின்னவனுக்கு ஒன்றுமே இல்லை, அதாவது எல்லாமே நாங்கள்தான். இரவு வேலை நீண்டதால் விடியற்காலை எழுவதும் போயிற்று. இப்போது நான் ஒரு மணி நேரம் படியேறப் போனால் அந்த ஒரு மணி நேரத்தை யாரோ ஒருவர் தன் வேலையிலிருந்து பிய்த்துத் தர வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணவர் சண்டை போடவில்லை. ஒரு நாள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார்: "நீ ஓடு, நான் வேண்டாங்கல. ஆனா உனக்கு ஒரு மணி நேரம்னா எனக்கும் ஒரு மணி நேரம். நான் அதுல தூங்கினாலும் கேக்கக் கூடாது." நியாயம்தானே? குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். இரண்டு பெயர், எதிரெதிரே நேரம். அவர் தன் நேரத்தில் பெரும்பாலும் படுக்கையில் குப்புறப் படுத்துக் கிரிக்கெட் பழைய ஆட்டங்களைப் பார்த்தார். எனக்கு முதலில் உள்ளுக்குள் எரிச்சல்தான், நான் வியர்வை சிந்துகிறேன், இவர் சும்மா கிடக்கிறாரே என்று. பிறகு யோசித்தால், நானும் படிக்கட்டுக்கு உடம்புக்காக மட்டும் போகவில்லை. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னை "அம்மா" என்று கூப்பிடமாட்டார்கள். வியர்வையை எடுத்துவிட்டால் இருவருக்கும் வேண்டியிருந்தது ஒன்றேதான்.

குடும்பத்தோடு இருக்கும் ஓட்டக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: அனுமதி கேட்காதீர்கள், நேரத்தைப் பங்கு போடுங்கள். அனுமதி கேட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டியிருக்கும். பங்கு என்றால் தாளில் இருக்கிறது, முடிந்தது.

பிள்ளைகள் ஓட்டத்துக்குள் வந்தது நான் திட்டமிட்டு நடந்ததில்லை. ஒரு நாள் மகள் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். இரண்டாவது மாடியிலேயே அலுத்துவிட்டது. ஆனால் போட்டிகளில் எய்ட் ஸ்டேஷன் இருக்கும், தன்னார்வலர்கள் தண்ணீர் கொடுப்பார்கள் என்று நான் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, எங்கள் வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர், மடித்த கைக்குட்டை, தரையில் கணக்குப் போடச் சாக்பீஸ். நான் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என்னைவிட அந்தக் குறுக்குக் கோட்டுக்காக அவள்தான் அதிகம் காத்திருந்தாள். என் போட்டி எண்ணைச் சொன்னால்தான் தண்ணீர். "நம்பர் என்ன? நம்பர் இல்லாம தண்ணி கிடையாது." தம்பிக்கு வேறு உத்தியோகம்: ஆள் வந்தால் எரிகிற மாடி விளக்கு அடிக்கடி அணைந்துவிடும், அது அணையும்போதெல்லாம் கையை ஆட்டி எரிய வைப்பது. அவன் அந்த வேலையைப் போல வேறு எதையும் அவ்வளவு பொறுப்பாகச் செய்து நான் பார்த்ததில்லை.

சரி, என் தனிமை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது போய்விட்டதுதான். எனவே தாளில் ஒரு திருத்தம் செய்தோம்: சில நாட்கள் எய்ட் ஸ்டேஷன் உண்டு, சில நாட்கள் 'கடை மூடல்'. மகள் இந்தப் பேரத்தை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

நடுவில் கணவருக்குத் தொற்று வந்து அறையில் தனியாக இருந்த இரண்டு வாரங்களில் ஓட்டமெல்லாம் கிடையாது. நாங்கள் மூவரும் வாசலைத் தாண்டவில்லை. அது முடிந்து எனக்கும் லேசாக வந்துபோனது. அந்தச் சமயத்தில் விளையாட்டு மருத்துவர்கள் சொன்ன அறிவுரை, குறைந்தது 10 நாள் ஓய்வு, அதோடு 7 நாளாவது அறிகுறியே இல்லாமல் இருந்த பிறகு மெதுவாக ஆரம்பிப்பது. இதயத் தசை அழற்சி பற்றிய பயம் அதற்குக் காரணம். அதை அப்படியே கேட்டேன். முதலில் நடை, அப்புறம் பாதிப் படிகள். அவசரப்படுத்த எந்தப் போட்டியும் இல்லாதது நல்லதாயிற்று.

கடைசியாக ட்ரெட்மில். 2020 ஏப்ரலில் 'குவாரண்டைன் பேக்யார்ட் அல்ட்ரா' என்று இணையம் வழியாக ஒரு போட்டி நடந்தது. ஒவ்வொரு மணி நேரமும் 4.167 மைல், அதாவது 6.7 கிலோமீட்டர் ஓட வேண்டும், கடைசி ஆள் மிஞ்சும் வரை. அமெரிக்காவின் மைக் வார்டியன் வீட்டுப் பக்கத்துத் தெருவையே சுற்றிச் சுற்றி 63 மணி நேரம் ஓடி ஜெயித்தார். அவரோடு கடைசி வரை தாக்குப்பிடித்த செக் நாட்டு ராடெக் ப்ரூனர் ஓடியது ட்ரெட்மில்லில். ஆக, மனிதர்களால் முடியும். ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் அது எழுப்பும் சத்தம், கீழ் வீட்டுக்காரர், ஓடும் பட்டையில் விரலை வைக்கத் துடிக்கும் நான்கு வயது, இறக்கமே இல்லாத ஓட்டம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து வாங்கவில்லை. தனி வீடு, பூட்டக்கூடிய அறை, இறக்கமும் வைக்கக்கூடிய மாடல் என்றால் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ட்ரெட்மில்லாகப் பாருங்கள். ஊரடங்கு தளர்ந்ததும் நிறையப் பேர் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.