எழுந்து போகத் தெரிந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் சூதாட்டப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். ‘கேசினோ ராயல்’, ‘21’, ‘ஓஷன்ஸ் லெவன்’, ‘ரவுண்டர்ஸ்’ எல்லாமே பிடித்திருந்தன. ஸ்கார்செஸியின் ‘கேசினோ’ மட்டும் இழுவை. மூன்று மணி நேரமும் யார் யாரைக் கண்காணிக்கிறார்கள், பணத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘கலிஃபோர்னியா ஸ்பிளிட்’ கதையே இல்லாமல் போகிறது, பாதியில் தூங்கிவிட்டேன்.

மூன்று கேள்விகள். ‘கேசினோ ராயல்’ கடைசி ஆட்டத்தில் நான்கு பேருக்கும் அப்படிச் சீட்டு விழுமா? கட்டாயம் பார்க்கவேண்டிய பத்துப் படங்களின் பட்டியல் தர முடியுமா? ‘21’ பார்த்த பிறகு சீட்டு எண்ணும் முறையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு தெரிந்தவன் கேசினோவை ஜெயித்துவிடலாம்தானே?

எம்.

அன்புள்ள எம்,

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: விழும். ஆட்டம் போக்கர். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகள் இரண்டு ஏஸ், ஒரு எட்டு, ஒரு ஆறு, ஒரு நாலு. அவற்றில் நான்கு ஸ்பேட். ஒருவரிடம் ஸ்பேட் ராஜாவும் ராணியும், ஆகவே ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். அடுத்தவரிடம் இரண்டு எட்டு, அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டும். வில்லன் லெ ஷீஃப்ரிடம் ஏஸும் ஆறும், அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ். பாண்டிடம் ஸ்பேட் ஐந்தும் ஏழும், நாலிலிருந்து எட்டுவரை ஒரே இனத்தில் ஒரே வரிசை, எல்லாவற்றையும்விடப் பெரிய ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். ஒரு கட்டுக்குள் இந்த நான்கும் முரணில்லாமல் அடங்குகின்றன. ஏழு சீட்டிலிருந்து ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் அமைவதே ஏறத்தாழ 3,200 ஆட்டத்துக்கு ஒருமுறைதான். மற்ற மூவருக்கும் அதே ஆட்டத்தில் இவ்வளவு பெரிய சீட்டு விழுவதென்றால் எத்தனை அபூர்வம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அபூர்வமாக இருப்பது தவறில்லை. ஆனால் அந்தக் காட்சியில் ஆடுபவன் தீர்மானிக்க எதுவுமே இல்லை. அப்படிச் சீட்டு வந்தால் எந்தக் குழந்தையும் எல்லாப் பணத்தையும் வைக்கும். ‘ரவுண்டர்ஸ்’ பிடித்திருந்தது என்கிறீர்கள். அதில் மேட் டேமன் இரண்டு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிராளி பிஸ்கட்டைப் பிரிக்கும் விதத்திலிருந்து அவனிடம் அதைவிடப் பெரிய ஸ்ட்ரெயிட், அதாவது எண் வரிசை, இருக்கிறது என்று கண்டுகொண்டு, சீட்டைக் கவிழ்க்கிறான். போக்கரைப் பற்றி எடுத்த காட்சிகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். நல்ல சீட்டைத் தூக்கிப்போடத் தெரிவதுதான் அந்த ஆட்டத்தின் திறமை.

பட்டியல் தரமாட்டேன். பத்துப் பெயரைக் கொடுத்தால் பத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பத்துக்குக் கடிதம் எழுதுவீர்கள். பார்த்த படத்தையே நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூதாட்டப் படங்களில் பெரும்பாலானவை கடைசிச் சீட்டை நோக்கி ஓடுகின்றன. கேசினோ என்ற இடமோ கடைசி என்ற ஒன்று வராமலிருப்பதற்காகவே கட்டப்பட்டது. அங்கே விற்பதும் வாங்குவதும் நேரம். அது புரியாமல் எடுத்த படத்தில் எத்தனை விளக்கு எரிந்தாலும் அது கேசினோ படம் அல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒற்றைப் பூஜ்ய ரூலெட் சக்கரத்தில் பந்து விழும் குழிகள் 37: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பூஜ்யம். உங்களிடம் 100 டாலர் இருக்கிறது, அதை 200 ஆக்கவேண்டும். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் சிவப்பில் வைத்தால் ஜெயிக்க வாய்ப்பு நூற்றுக்கு 48.6. பத்துப் பத்தாக வைத்து, இரட்டிப்பாகும்வரை அல்லது தீரும்வரை ஆடினால் அது 36.8 ஆகிறது. ஒவ்வொரு டாலராக வைத்து ஆடினால் 224 பேரில் ஒருவர்தான் 200 டாலரோடு வெளியே வருவார். அதே சக்கரம், அதே நிறம், அதே 100 டாலர். கூடியது உட்கார்ந்திருந்த நேரம் மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பூஜ்யம் நூற்றுக்கு 2.7 வீதம் அரித்துக்கொண்டே இருக்கிறது. இரட்டைப் பூஜ்யச் சக்கரமானால் 5.26. கேசினோ உங்களை ஏமாற்றவே வேண்டாம். நாற்காலி வசதியாக இருந்தால் போதும்.

இப்போது நீங்கள் இழுவை என்று சொன்ன படத்துக்கு வருவோம். இச்சிகாவா என்ற பெரும்பணக்காரர் வந்து, பக்காரா என்ற சீட்டாட்டத்தில் ஆட்டத்துக்கு 30,000 டாலர் வீதம் கட்டி, 20 லட்சம் டாலரை ஜெயித்துக்கொண்டு கிளம்புகிறார். போகிற போக்கில் அறையிலிருந்த சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொள்கிறார். கேசினோவை நடத்தும் டி நிரோ என்ன செய்கிறார்? சண்டை போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. விமானத்தில் கோளாறு என்று விமானியைச் சொல்லவைத்து அவரைத் திரும்பக் கூட்டிவருகிறார், ஒரு தளத்தையே அவருக்குத் தங்கக் கொடுக்கிறார். இச்சிகாவா முதலில் சும்மா ஆயிரம் ஆயிரமாக ஆடுகிறார், கொஞ்சம் ஜெயிக்கவும் செய்கிறார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். வந்தது பத்தாயிரம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரிதாகக் கட்டியிருந்தால் வந்திருக்கவேண்டிய தொண்ணூறாயிரம் போயிற்றே என்று தோன்றுகிறது. கட்டும் தொகையை ஏற்றுகிறார். ஜெயித்தது மொத்தமும் போய், கைக்காசும் பத்து லட்சம் போகிறது.

வென்ற பணத்தை, தூண்டில்முள்ளை இரையென்று நினைத்து மீன் விழுங்கியதற்கு ஒப்பாக வள்ளுவர் சொன்னது இதைத்தான். தோற்றவனைப் பார்த்துப் பரிதாபப்படுவது எளிது. வென்றவனைப் பார்த்துப் பயப்பட்ட படங்கள் குறைவு, ‘கேசினோ’ அவற்றில் ஒன்று.

கண்காணிப்பு வசனத்தைக் குறை சொல்கிறீர்கள். அதைத் திரும்பக் கேளுங்கள். ஆடுபவர்களைச் சீட்டுப் போடும் டீலர் பார்க்கிறார், டீலரை அவருக்கு மேலுள்ளவர் பார்க்கிறார், அவரை இன்னொருவர், அப்படியே படிப்படியாக ஏறி மேலாளரை டி நிரோ பார்க்கிறார், எல்லோரையும் கூரைக் கேமரா பார்க்கிறது. ஆனால் பணம் எண்ணும் அறையில், கணக்கில் ஏறுவதற்கு முன்பே கட்டுக்கட்டாக எடுத்துப் பெட்டியில் வைக்கும்போது எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். அந்த நீண்ட பேச்சு இந்த ஒரு மௌனத்துக்காகத்தான். இது தெரியாமல் ‘பணம் எண்ணுகிறார்கள்’ என்று கடந்துபோனால் படத்தில் மிச்சம் இருப்பது கோட்டும் காரும்தான்.

சரி, ‘21’. அதில் ஆடுவது பிளாக்ஜாக், இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் சீட்டாட்டம். சீட்டு எண்ணுவது மந்திரம் இல்லை, குற்றமும் இல்லை. இரண்டிலிருந்து ஆறுவரை விழுந்தால் ஒன்று கூட்டு, ஏழு எட்டு ஒன்பதை விட்டுவிடு, பத்து, படச்சீட்டு, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. வந்த எண்ணை இன்னும் மிச்சமிருக்கும் சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கையால் வகு. விடை பெரிதாக இருந்தால் பெரிய சீட்டுகள் உள்ளே நிறைய இருக்கின்றன, அதிகமாகக் கட்டு. இவ்வளவுதான். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இதையெல்லாம் பிழையே இல்லாமல் செய்தால் உங்களுக்குக் கிடைக்கும் சாதகம் சுமார் ஒரு சதவீதம்.

ஒரு சதவீதம் என்றால் என்ன என்று அந்தப் படம் உங்களுக்குச் சொல்லவில்லை. எளிமைக்காக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே மாதிரி 100 டாலர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டம் முடிந்தால் சராசரியாக 100 டாலர் வரவேண்டும். ஆனால் ஏற்ற இறக்கம் அதற்கு மேலும் கீழும் 1,150 டாலர். அந்த நூறு என்பது அலையில் மிதக்கும் தக்கை. பத்தாயிரம் ஆட்டம் ஆடினால் சராசரி வரவு 10,000, ஏற்ற இறக்கம் 11,500. மணிக்கு எழுபது ஆட்டம் என்று கணக்கிட்டால் அது 140 மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரம் ஒரு தப்பும் செய்யாமல் எண்ணிய பிறகும் ஐந்தில் ஒருவர் நஷ்டத்தில்தான் இருப்பார். நீங்கள் அந்த ஐந்தாவது ஆளாக இருந்தால், கணக்கில் தப்பா, அதிர்ஷ்டத்தில் தப்பா என்றுகூட உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு மேல் மேசையிலேயே பொறிகள் இருக்கின்றன. ஆறு கட்டில் இரண்டு கட்டை ஆடாமலே வெட்டி ஒதுக்கிவிட்டால் எண்ணிக்கை கனிவதற்குள் கலைத்துவிடுவார்கள். ஓயாமல் கலைக்கும் இயந்திரம் வைத்தால் எண்ணுவதற்கே ஒன்றுமில்லை. முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் (அதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர்) கட்டிய இரண்டுக்கு மூன்று என்று கொடுக்கவேண்டியதை ஐந்துக்கு ஆறு என்று மாற்றிய மேசையில் உட்கார்ந்தால் அதுவே சுமார் 1.4 சதவீதத்தைத் தின்றுவிடும், நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஒன்றும் போய் அதற்கு மேலும் போகும். மேசையில் அச்சடித்திருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்காமல் உட்காருகிறவன் எத்தனை எண்ணினாலும் பயனில்லை.

இவை எல்லாவற்றையும் தாண்டி நீங்கள் நிஜமாகவே ஜெயிக்க ஆரம்பித்தால்? தோளில் ஒரு கை விழும். லாஸ் வேகாஸில் உங்களை மரியாதையாக வெளியே போகச் சொல்வார்கள். அட்லாண்டிக் சிட்டியில் 1982ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு எண்ணுகிறவரை அதற்காகத் துரத்த முடியாது, அதனால் அடிக்கடி கலைத்தே உங்களை அலுக்கவைப்பார்கள். இச்சிகாவாவை விமானத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்தவர்கள் உங்களை நாற்காலியிலிருந்து எழுப்புகிறார்கள். நேரம் யார் பக்கம் ஓடுகிறது என்பதை அவர்கள் உங்களைவிட நன்றாக எண்ணுகிறார்கள்.

சீட்டு எண்ணுபவனின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் பால் ஷ்ரேடரின் ‘த கார்ட் கவுன்ட்டர்’ (2021) பாருங்கள். ஆஸ்கர் ஐசக் கொஞ்சமாகக் கட்டுகிறான், கொஞ்சமாக ஜெயிக்கிறான், யார் கண்ணிலும் படுவதற்குள் எழுந்து போகிறான். மலிவான விடுதி அறையில் மேசை நாற்காலியை எல்லாம் வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ‘21’ல் வரும் விருந்தும் உடையும் இங்கே கிடையாது. இதற்குத் தயாரா நீங்கள்?

கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் ‘ஜெயித்துவிடலாம்தானே’ என்ற அந்த ‘தானே’ என்னைத் தூங்கவிடவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர் கேட்கும் கேள்வி அது. படத்தைப் பாருங்கள், கணக்கைப் படியுங்கள், அது அழகான கணக்கு. சொந்தப் பணத்தோடு போய் அதைச் சோதிக்காதீர்கள்.

பால் தாமஸ் ஆண்டர்சனின் முதல் படமான ‘ஹார்ட் எய்ட்’ தொடக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கையில் காசில்லாத ஒருவனுக்கு வயதான சூதாடி 150 டாலர் கொடுத்து, அதை டோக்கனாக மாற்றி, எவ்வளவுக்கு ஆடுகிறாய் என்று கேசினோ பதியும் அட்டையில் குறித்துவாங்கு, கொஞ்சம் ஆடு, மிச்சத்தைத் திரும்பப் பணமாக்கு, மறுபடி போய் டோக்கன் வாங்கு என்று சொல்லித்தருகிறார். ஒரே பணம் சுற்றிச்சுற்றி வருகிறது, அட்டையில் மட்டும் தொகை ஏறுகிறது. இலவச அறை கிடைத்துவிடுகிறது. இன்று இந்த வித்தை பலிக்காது. இன்றைய கணக்கு இது: சராசரியாகக் கட்டும் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், கேசினோவின் சாதகம் எத்தனை சதவீதம், நான்கையும் பெருக்கினால் உங்களிடமிருந்து எதிர்பார்க்கும் வரவு. அதில் ஒரு பங்குதான் இலவசச் சாப்பாடாகவும் அறையாகவும் திரும்பி வருகிறது.

‘ஓனிங் மஹோனி’யில் (2003) வங்கி அதிகாரியாக வரும் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மனுக்குக் கேசினோவில் எதை வேண்டுமானாலும் கொடுக்கக் காத்திருக்கிறார்கள். அவன் கேட்பது குழம்பு இல்லாத இறைச்சியும் ஒரு கோக்கும். வங்கியில் கையாடிய பணத்தை வைத்து ஆடி, ஜெயித்தது மலையாகக் குவிந்த இரவிலும் அவன் எழுந்திருக்கவில்லை. கடைசியில், சூதாட்டம் தரும் பரவசம் நூறு என்றால் மற்ற வாழ்க்கையின் மிகப்பெரிய பரவசத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். யோசித்து, இருபது என்கிறான். டொராண்டோவில் நடந்த உண்மைக் கதை அது.

எழுந்து போனவர்களும் உண்டு. ‘கஸாபிளாங்கா’வில் (1942) சூதாட்ட விடுதி நடத்தும் ரிக், பணமில்லாமல் தவிக்கும் ஓர் இளைஞனை ரூலெட்டில் 22ல் வைக்கச் சொல்கிறான், இரண்டு முறை அதே எண் விழுகிறது. சொந்தச் சக்கரத்தைத் தானே வளைத்த முதலாளி, பணத்தை வாங்கிக்கொண்டு போ, திரும்பி வராதே என்கிறான். ‘ரன் லோலா ரன்’ (1998) படத்தில் லோலா ரூலெட்டில் 20ல் 100 மார்க் வைக்கிறாள், வந்ததை அப்படியே மறுபடி வைக்கிறாள். 36 மடங்கு, மறுபடி 36 மடங்கு, 1,29,600 மார்க். வாரிக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்கு நிற்க நேரமில்லை, அதனால் பிழைத்தாள்.

‘கலிஃபோர்னியா ஸ்பிளிட்’ (1974) படத்தில் நீங்கள் தூங்கியது, அதில் வரும் இரண்டு சூதாடிகளும் ரினோ என்ற சூதாட்ட நகரத்துக்குப் போவதற்கு முன்பா பின்பா என்று எழுதவில்லை. முன்பு என்றுதான் நினைக்கிறேன். கதை இல்லை என்பது உண்மை. இயக்குநர் ஆல்ட்மன் வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார். ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் பேசுகிறார், பின்னால் யாரோ பந்தய வில்லைகளைக் கலைக்கிறார்கள், எந்த ஆட்டம் முக்கியம் என்று நமக்குத் தெரிவதில்லை. மேசையில் உட்கார்ந்தவனுக்கும் தெரிவதில்லை. ரினோவில் ஜார்ஜ் சீகல் ஜெயித்துக்கொண்டே போகிறான், மொத்தம் 82,000 டாலர். கூட்டாளி எலியட் கூல்ட் குதிக்கிறான், பணத்தைப் பிரிக்கிறான், அடுத்து எங்கே போகலாம் என்று திட்டம் போடுகிறான். சீகல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். எந்த விசேஷ உணர்வும் வரவில்லை என்கிறான், வந்ததாகச் சும்மா சொன்னேன் என்கிறான். பிறகு, வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்துகொள்கிறான். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.