‘1984 ஒரிஜினல்’ என்று வாங்கிய ரோபோ மறுபதிப்பாம்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மைகள் சேர்ப்பது பல வருடப் பழக்கம். இணைய விற்பனைத் தளம் ஒன்றில் பெங்களூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு வாங்கினேன். ‘1984 ஒரிஜினல், பெட்டியுடன்’ என்று போட்டிருந்த ஆப்டிமஸ் பிரைம் 48,000 ரூபாய். பிளாக் ஸாரக், பெட்டி இல்லாமல், 35,000. வந்து 18 நாள் ஆகிறது. பிரைமைப் பார்த்த நண்பர், மறுபதிப்பு (பின்னாளில் கம்பெனியே மறுபடி தயாரித்து விட்டது) என்கிறார். ஸாரக்கின் தங்க நிறப் பாகம் ஒன்று திருப்பும்போதே பொடிந்துவிட்டது. விற்றவரோ, ‘கலெக்‌ஷன் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். பத்து வருடம் கழித்து மகன் படிப்புக்கு விற்கலாம் என்றும் நினைத்திருந்தேன். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி பதில் அனுப்பினேன்: பொம்மைகளைக் கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள், ‘பொருளை ஏற்கவில்லை’ என்று விற்றவருக்கு இன்றே எழுதுங்கள். அதற்கான காரணம் இதோ.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15, விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ‘1984 ஒரிஜினல்’ என்பது விளம்பர அலங்காரம் இல்லை. நீங்கள் 48,000 கொடுத்ததே அந்த இரண்டு சொல்லுக்காகத்தான். ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று அப்புறம் சொல்வது அந்த வாக்குறுதியை அழித்துவிடாது. ஆனால் வாங்கியவர் பொருளை நியாயமான காலத்துக்கு மேல் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும் (பிரிவு 42). அதன்பிறகு நஷ்டஈடுதான் கேட்கலாம், திருப்பிக் கொடுக்க முடியாது. ஷோகேஸில் வைத்து யோசிக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் ஓடுகிறது.

சரி, மறுபதிப்பு என்று நிரூபிப்பது எப்படி? நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரைம் லாரியாக மாறும் ரோபோ; அதன் இரண்டு புகைக்குழாய்களும் குட்டையாக இருக்கின்றன. 1984-இல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ விற்ற பொம்மையில் அவை நீளம். 2002-இல் அமெரிக்காவில் வந்த மறுபதிப்பில்தான் பாதுகாப்புக்காகக் குட்டையாக்கினார்கள். ‘பழைய பொம்மை, குழாய் உடைந்திருக்கும்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். குழாயின் நுனியை லென்ஸ் வைத்துப் படம் எடுங்கள். வெட்டிய அல்லது உடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும், அச்சில் வார்த்த நுனி வழவழவென்று இருக்கும். உங்கள் படத்தில் இரண்டும் ஒரே அளவு, ஒரே மழமழப்பு. இன்னொன்று: உடம்பிலோ பெட்டியிலோ ‘தகாரா டோமி’ என்று எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். தகாரா, டோமி என்ற இரண்டு ஜப்பானியப் பொம்மை நிறுவனங்களும் இணைந்தது 2006-இல். அந்தப் பெயர் இருந்தால் அது 1984 பொம்மையே அல்ல.

உங்கள் நண்பரிடம் நிச்சயமான 1984 பொம்மை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் தெரியும்படி படம் எடுத்து, அவர் ஒரு பிரமாணப் பத்திரம் தரட்டும். தர மதிப்பீட்டுக்கு அமெரிக்காவுக்கு அனுப்ப நினைக்க வேண்டாம். வழக்கின் முக்கியச் சான்று உங்கள் கையைவிட்டுப் போகும். போன இடத்தில் மாறியது என்று சொல்ல விற்றவருக்கு இடம் கிடைக்கும்.

அடுத்து, விற்றவர் யார்? இதைப் பொறுத்துத்தான் எங்கே போவது என்பது முடிவாகும். தன் அலமாரியில் இருந்ததை எப்போதோ ஒருமுறை விற்ற தனிநபர் என்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தாது. மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குதான். தொடர்ந்து வாங்கி விற்பவர் என்றால் நிலைமையே வேறு. போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்று அந்த விதிகள் நேராகவே சொல்கின்றன. பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எனவே அவருடைய பக்கத்தில் உள்ள மற்ற விளம்பரங்களை, தேதியோடு, இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நோட்டீஸ் போனதும் அவை காணாமல் போய்விடும். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது விதி.

அவர் வியாபாரிதான் என்று தெரிந்தால், ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பதில் இல்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், பெங்களூர் அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வாட்ஸ்அப் பேச்சைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய சட்டம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63 கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழை இணைக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் நல்ல வழக்குகள் தடுமாறுவதைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

‘மகன் படிப்புக்கு விற்கலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வதால் எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும். ஆசையாகச் சேர்த்ததை என்றோ ஒருநாள் விற்க நினைப்பது வியாபாரம் ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் இதுவரை எத்தனை பொம்மை விற்றிருக்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இனி ஸாரக். இதற்கு வழக்குப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன், வருத்தத்தோடு. 1988-இல் ஜப்பானில் வந்த அந்தப் பொம்மையின் தங்க நிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் தானாகவே நொறுங்கும் என்பது சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தாலும் நொறுங்கும். விற்றவர் ‘உறுதியாக இருக்கிறது’ என்று எழுதித் தரவில்லை. பழசு என்று தெரிந்தே வாங்கினீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: உடைந்த இடத்தில் பழைய பசை தெரிகிறதா? ஏற்கெனவே உடைந்ததை ஒட்டி மறைத்து விற்றிருந்தால் அது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17 சொல்லும் மோசடி. அப்போது ஸாரக்கையும் அதே நோட்டீஸில் சேர்த்துவிடலாம். அந்தத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

முடியும்வரை இரண்டையும் வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வைத்திருங்கள். சிலிக்கா ஜெல் போடலாம். பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பிரைமின் ரப்பர் டயர்கள் வேறு பிளாஸ்டிக் பாகத்தைத் தொடாமல் இருக்கட்டும். அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், வந்தபோது இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும்.